தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வார இதழ்களின் பெண்கள் பக்கத்தில், மனநல ஆலோசகர்களின் காணொளிகளில், மகளிர் தினத்துக்கு அலுவலகத்தில் பேச வருகிறவர்களின் உரையில் என்று எங்கும் இது தவறாமல் வந்துவிடுகிறது. முன்னது இனிமை, பின்னது நோய். முன்னதைப் பழகிக்கொண்டால் பின்னது அண்டாது. பழகுவதற்கு ஒரு குவளை காப்பி, ஒரு நாட்குறிப்பு, கையில் காசிருந்தால் ஒரு மலைப்பிரதேசப் பயணம். இரண்டும் வேறுவேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் இவர்கள் எல்லோரும் பெண்ணின் மனத்தைக் காட்டுகிறார்கள். அவள் எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம். தமிழில் பெண்கள் எழுதியதையும் பெண்களைப் பற்றி எழுதப்பட்டதையும் வரிசையாக வைத்துப் படித்தால் அந்த வேறுபாடு மனத்தில் தொடங்குவதாகத் தெரியவில்லை. கதவில், கூலியில், சாதியில், சமையலறை ஓயும் நேரத்தில் தொடங்குகிறது. மனம் பிறகுதான் வருகிறது.

மொழியிலிருந்தே ஆரம்பிக்கலாம். புலம்பு என்றால் இன்று அழுது அரற்றுவது. தொல்காப்பியத்தின் உரியியல் அந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் தனிமை. சங்கப் பாடல்களில் புலம்பு என்று வரும் பல இடங்களில் யாரும் வாய்விட்டு அழுவதில்லை. ஆள் தனியாக இருக்கிறாள், அவ்வளவுதான். தனித்திருப்பதைக் குறித்த சொல் ஒப்பாரியைக் குறிக்கும் சொல்லாக எப்படி மாறியது என்று மொழியியலாளர்கள் அவர்கள் முறையில் விளக்கட்டும். பெண்ணாகப் படிக்கும் எனக்கு அது ஆச்சரியம் தரவில்லை. அகத்திணையின் உரிப்பொருள்களைப் பாருங்கள். முல்லைக்கு இருத்தல், பாலைக்குப் பிரிதல், நெய்தலுக்கு இரங்கல். அவன் பொருள் தேடவோ போருக்கோ போகிறான். அவள் இருக்கிறாள், இரங்குகிறாள். ஐந்தில் மூன்று நிலங்களின் அழகு, பெண்ணுக்குத் துணை இல்லாமல் போவதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பாடல்களின் நுட்பத்தில் மயங்கிக் கிடந்தவள்தான் நானும். ஆனாலும், அவன் போனபிறகு ஒரு மாலை நேரம் தனக்கே தனக்கு என்று கிடைத்ததில் நிம்மதி அடைந்த ஒரு தலைவிக்குத் திணை எதுவும் ஒதுக்கப்படவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனிமையான தனிமைக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ஏகாந்தம் இருக்கிறது. அது துறவிக்கும் கடவுளுக்கும் உரியது. திருமலையில் இரவு பெருமாளைத் துயில வைக்கும் கடைசிச் சேவைக்கு ஏகாந்த சேவை என்று பெயர். நாள் முழுவதும் கூட்டத்தைப் பார்த்தவருக்கு ஓய்வு வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நாள் முழுவதும் கூட்டத்துக்குச் சமைத்தவளுக்கு அப்படி ஒரு சேவையை யாரும் ஏற்படுத்தவில்லை. வள்ளலார் பெயரால் வழங்கும் அறிவுரை ஒன்றும் உண்டு. பசியோடு இரு, விழிப்போடு இரு, தனித்து இரு என்று மூன்று கட்டளைகள். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பசித்திருப்பதையும் எல்லோரும் தூங்கும்வரை விழித்திருப்பதையும் நம் வீட்டுப் பெண்கள் யாரும் உபதேசிக்காமலே செய்துவந்தார்கள். கிடைக்காமல் போனது மூன்றாவது மட்டும்தான்.

கிடைத்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று நம் தொன்மக் கதைகளே சொல்கின்றன. ஔவையார் கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் கேட்டு இளமையிலேயே கிழவியானாராம். காரைக்கால் அம்மையார் கணவன் விலகிப்போனதும் தசையை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டார். திருவாலங்காட்டுச் சுடுகாடு அவருக்கு இடமானது. ஊர் ஊராகத் தனியாக நடக்க ஒருத்திக்கு நரைத்த தலை தேவைப்பட்டது, இன்னொருத்திக்கு எலும்புக்கூடு தேவைப்பட்டது. இதைப் பக்தியின் உச்சம் என்று படிப்பவர்கள் படிக்கட்டும். இளம்பெண்ணின் உடலோடு தனியாக இருக்கக் கதையில்கூட வழியில்லை என்ற ஒப்புதலாகவே எனக்குப் படுகிறது.

இதற்கு நேர் எதிராக, தனியாக இருந்தே தீர வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. தூரமான மூன்று நாளுக்குத் திண்ணையோ கொல்லைப்புறமோ. மதுரைப் பக்கத்துச் சில ஊர்களில் அதற்கென்றே கட்டப்பட்ட முட்டுவீடு. கணவனை இழந்தவளுக்கு மூலை. அந்த மூன்று நாளில்தான் கை ஓய்ந்து உட்கார முடிந்தது என்று சொன்ன பாட்டிகளை நான் அறிவேன்; நீங்களும் அறிந்திருப்பீர்கள். அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு தீட்டை ஓய்வு என்று மெழுகுகிறவர்களும் இருக்கிறார்கள். பாட்டிகள் சொன்னது பொய்யில்லை. ஒதுக்கிவைத்தால்தான் ஓய்வு என்ற ஒரு வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னார்கள். அதை அந்த வீட்டுக்கு நற்சான்றிதழாக மாற்றுவதுதான் பொய்.

நவீன இலக்கியத்துக்கு வருவோம். தனியாக வாழும் பெண் என்றதும் என் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருகிறவள் கங்கா. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1970இல் நூலாக வந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி மகளை மீட்டுக்கொண்டாள். நாவலில் அது நடப்பதில்லை. தாயின் கூப்பாட்டில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான், மாமா படிக்க வைக்கிறார், படிக்க வைத்ததற்கு அவளிடமே கூலி கேட்கிறார். எல்லாவற்றையும் தாண்டிக் கங்கா நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, நாவலின் பெரும்பகுதியைத் தன் குரலிலேயே சொல்லும் வசதியும் இருக்கிறது. ஒரு தமிழ் நாவலில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கொடுத்த ஜெயகாந்தனை அந்த வயதில் நான் கொண்டாடினேன். இப்போதும் அதைக் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை.

ஆனால் இவ்வளவையும் கொடுத்தவர் ஒன்றைக் கொடுக்கவில்லை. கங்கா தனியாக இருக்கும் எந்த மணி நேரமும் அவளுடையதாக இல்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறாள்: மாமா சொன்னது, அம்மா சொன்னது, காரில் அன்று நடந்தது. ஒழுக்கத்தின் பெயரால் ஊர் நடத்தும் விசாரணையை அவள் தனக்குள் தொடர்ந்து நடத்துகிறாள். அந்த விசாரணைக்கு ஒரே முடிவு, அந்த ஆளைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடிக்கிறாள். பிரபு வருகிறான், பிறகு விலகுகிறான். விலகியதும் கங்கா குடிக்கிறாள். அடுத்த நாவலில் கங்கையில் போய்ச் சேர்கிறாள். ஆசிரியருக்கு அவள்மேல் அன்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் பிரபு போன மறுவாரம் கங்கா அலுவலகம் போய்த் திரும்பி, ஒரு பாட்டுக் கேட்டுக்கொண்டே துணி மடித்து வைத்திருக்கலாம் என்ற சாத்தியம் அந்த அன்புக்குத் தட்டுப்படவில்லை. ஆண் இல்லாத இடத்தை வெற்றிடம் என்று மட்டுமே பார்க்கத் தெரிந்த கண் அது. வெற்றிடத்தை நிரப்ப அவள் கையில் ஒரு குப்பி வந்துவிடுகிறது.

1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' இதைவிட நேர்மையானது. மஞ்சு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். காதலித்தவர்கள் கைவிட்டிருக்கிறார்கள், ஒருவன் தேவை தீர்ந்தபின் தங்கை என்றே அழைத்துவிட்டான். பெண் விடுதலை பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருணுக்கும் அவளைப் புரிவதில்லை. கடைசியில் அருண் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வர, காரில் மஞ்சு அந்தப் புதுப்பெண்ணிடம் பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். எனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. பிறகு நடுவழியில் இறங்கிக்கொள்கிறாள். கார் போய்விடுகிறது, அவள் சாலையில் நிற்கிறாள். ஸ்ரீப்ரியாவின் அந்த நிற்பை நாற்பது வருடங்களாகத் தோல்வி என்றே விமர்சகர்கள் எழுதிவருகிறார்கள். கேமரா காருக்குள் இருக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. காரில் போகிறவர்களின் பார்வையில்தான் அவள் சிறிதாகிக்கொண்டே போகிறாள். அந்தச் சாலையிலிருந்து அவள் எங்கே போனாள், அன்று இரவு என்ன சாப்பிட்டாள் என்று படத்துக்குத் தெரியாது. பின்குரல் வந்து முடித்துவைத்துவிடுகிறது. இறங்கிக்கொண்டது அவள், இறக்கிவிடப்படவில்லை. அந்த ஒரு வினையில் படம் ஜெயகாந்தனைத் தாண்டிவிட்டது, அதற்குமேல் போகத் தைரியம் வரவில்லை.

அந்தச் சாலைக்கு அப்புறம் என்ன என்பதைப் பெண்கள்தான் எழுத வேண்டியிருந்தது. ஆனால் முதலில் கிடைத்த இடம் சாலை இல்லை, கழிவறை.

சல்மாவின் வாழ்க்கையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கிம் லாங்கினாட்டோ 2013இல் ஆவணப்படமாகவும் எடுத்தார். துவரங்குறிச்சியில் 13 வயதில் பள்ளி நின்றுபோனது. அதன்பின் வீடு, அறை, ஒரு ஜன்னல். திருமணத்துக்குப் பிறகு வேறொரு வீடு, அங்கே எழுத அனுமதி இல்லை. இரவில் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, கிடைத்த துண்டுத்தாளில் எழுதினார். எழுதியதை ஒளித்துவைத்தார், தாய் அதை வெளியே கொண்டுசேர்த்தார். ராஜாத்தி என்ற ரொக்கையா, சல்மா என்ற பெயருக்குள் ஒளிந்துகொண்டார். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' வந்தது, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'.

இந்த வரலாற்றைப் பெரும்பாலும் துணிச்சலின் கதையாகச் சொல்கிறோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அறைகளின் அமைப்பு. ஜன்னல் உள்ள அறையிலும் அவர் தனியாகத்தான் இருந்தார், கழிவறையிலும் தனியாகத்தான் இருந்தார். அளவில் பார்த்தால் அறை பெரியது, காற்று வரும், தெரு தெரியும். கழிவறையில் நிற்கத்தான் முடியும். ஆனால் அறைக்குக் காவல் வெளியிலிருந்து, கழிவறைக்குத் தாழ்ப்பாள் உள்ளிருந்து. அறையில் வருடக்கணக்கு, கழிவறையில் நிமிடக்கணக்கு. கவிதை நிமிடக்கணக்கில் வந்தது. மனப்பான்மையை மாற்றிக்கொண்டால் தனிமை இனிமையாகும் என்கிறவர்கள் அந்த ஜன்னலோரப் பெண்ணிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கலாம். அவரிடம் மனப்பான்மைக்குக் குறைவில்லை, கிடைத்ததையெல்லாம் படித்தவர். குறைவாக இருந்தது ஒரு சிறு இரும்புத்துண்டு.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் கேட்டதும் பூட்டுள்ள அறையும் வருடத்துக்கு 500 பவுண்டும்தான். அந்த 500 பவுண்டு, பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஓர் அத்தை எழுதிவைத்த சொத்து என்று அந்தப் புத்தகத்தின் கதைசொல்லி போகிறபோக்கில் சொல்கிறாள். காலனிக்குப் போன அத்தை, காலனியிலிருந்து வந்த பணம். நம் பெண்ணியக் கூட்டங்களில் அந்த அறையைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்தக் குதிரையைப் பற்றிப் பேசியதில்லை.

சல்மாவின் நாவல் தலைப்பையே கவனியுங்கள். இரவை நான்காகப் பிரித்தால் இரண்டாம் ஜாமம் ஒன்பது மணியிலிருந்து நள்ளிரவு வரை. பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் தூங்கி, கணவன் படுக்கைக்கு அழைக்கும் நேரம். பெண்ணுக்குத் தன்னோடு இருக்க ஏதாவது நேரம் மிஞ்சினால் அது அந்த ஜாமத்தில்தான் மிஞ்ச வேண்டும். அதையும் கேட்க ஆள் இருக்கிறது. நாவல் முழுக்கப் பெண்கள் கூட்டமாகவே இருக்கிறார்கள். முற்றத்தில், அடுக்களையில், மையத்து வீட்டில், கல்யாண வீட்டில் பேச்சு ஓய்வதே இல்லை. உடலைப் பற்றியும் ஆண்களைப் பற்றியும் வெட்கமில்லாத கேலி. அந்தப் பேச்சை நாவலின் பலவீனம் என்று சொன்ன ஆண் வாசகர்கள் உண்டு. அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் ஒவ்வொருத்தியும் எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்பதுதான் நாவல். ஃபிர்தௌஸ், பிடிக்காத கணவனோடு வாழ முடியாது என்று முதல் இரவிலேயே சொல்லித் தாய்வீடு திரும்பியவள். அவளுக்கு வீடு இருக்கிறது, தாய் இருக்கிறாள், சொந்தம் சூழ்ந்திருக்கிறது. தானே தேடிக்கொண்ட ஓர் உறவு வெளியே தெரியும் நிலை வரும்போது, நஞ்சு தாயின் கையாலேயே வருகிறது. துணைக்கு ஆள் இருப்பது தனிமைக்கு மருந்து என்று சொல்கிறவர்கள் இந்த நாவலை எங்கே வைப்பார்கள்?

அம்பையிடம் வரும்போது காற்று மாறுகிறது. 2000இல் வெளிவந்த 'காட்டில் ஒரு மான்' தொகுப்பின் தலைப்புக் கதையில் தங்கம் அத்தை பூப்படையாதவள். கணவனுக்கு இரண்டாம் கல்யாணம் ஆகிவிட்டது, அவள் அந்த வீட்டிலேயே எல்லோருக்கும் அத்தையாக இருக்கிறாள். இரவில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்கிறாள். வழி தவறி வேறொரு காட்டுக்குள் போய்விட்ட மானின் கதை. புதுக் காட்டில் மானுக்கு எதுவும் பழக்கமில்லை, எல்லாம் பயமாக இருக்கிறது, அலைகிறது. ஒரு பௌர்ணமி இரவில் பயம் போய்விடுகிறது. மான் மாறவில்லை, காடும் மாறவில்லை. அந்தக் காட்டின் இரகசியங்கள் மானுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன.

இந்தக் கதையை நான் நீண்டகாலம் தங்கம் அத்தையின் சோகமாகப் படித்தேன். பெரும்பாலான விமர்சகர்களும் அப்படியே படிக்கிறார்கள், பூக்காத உடலுக்கு ஓர் ஆறுதல் கதை என்று. இப்போது படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. தங்கம் அத்தைக்கு அறை இல்லை, தாழ்ப்பாள் இல்லை, சுற்றிலும் பிள்ளைகள். அவள் தனக்கான இடத்தைக் கதைக்குள் கட்டிக்கொள்கிறாள், அதுவும் இன்னொருவருக்குச் சொல்வதன் வழியாக. தாழ்ப்பாள் பற்றி மேலே நான் சொன்னதை இந்தக் கதை கொஞ்சம் அசைக்கிறது. உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ள முடியாதவளும் தனித்திருப்பதன் சுகத்தை அறிய முடியும் என்று அம்பை சொல்கிறார். அறை இல்லாவிட்டால் என்ன, உள்ளுக்குள் காடு இருக்கிறதே என்று இதை மனப்பான்மைக் கட்சிக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓட வேண்டாம். மான் பழைய காட்டைவிட்டுத் தானாகப் புறப்படவில்லை, வழி தவறியது. பயமும் அலைச்சலும் எவ்வளவு காலம் என்று கதை எண்ணிச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பாதி போயிருக்கும்.

அதே தொகுப்பில் 'அடவி' இருக்கிறது. செந்திரு கணவனோடு சேர்ந்து தொழிலை வளர்த்தவள். பங்குதாரர் என்று வரும்போது அவளுக்கு இடமில்லை. புறப்பட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறாள், அங்கே உட்கார்ந்து சீதையின் கதையைச் சீதையாக எழுதுகிறாள். இராமாயணத்தில் காடு சீதைக்கு இரண்டு முறை வாய்க்கிறது: முதல் முறை கணவனைப் பின்தொடர்ந்து, இரண்டாம் முறை அவனால் அனுப்பப்பட்டு. மூன்றாவது முறை ஒரு காட்டை அம்பை அவளுக்குக் கொடுக்கிறார். அங்கே இராவணன் வீணை கற்றுத்தர இருக்கிறான், கவர்ந்துபோக இல்லை. நாடு கடத்தலையும் ஏகாந்தத்தையும் ஒரே நிலப்பரப்பில் வைத்துக்காட்டிய கதை தமிழில் இதுபோல் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. குறை சொல்ல வேண்டுமானால், செந்திருவின் காடு கொஞ்சம் வசதியான காடு. போக்குவரத்துக்குப் பணம் இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, திரும்பிப் போனால் கதவைத் திறக்க ஆள் இருக்கிறது. காட்டில் வசிக்கும் பெண்கள் அவளுக்குத் தோழிகளாகிறார்கள், ஆனால் அவர்களில் ஒருத்திக்குத் தனியாக உட்கார ஒரு மத்தியானம் வேண்டும் என்று தோன்றினால் எங்கே போவாள் என்ற கேள்விக்குக் கதையில் இடம் இல்லை.

அந்தக் கேள்வியோடு பாமாவைப் படிக்க வேண்டும். 'கருக்கு' 1992இல் வந்தது. ஏழைத் தலித் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், அங்கே வசதியையும் சாதியையும் பார்த்து, சில ஆண்டுகளில் வெளியேறுகிறார். மடம் என்பது தனித்திருத்தலைத் தவமாக்கிய நிறுவனம். மௌனம், தியானம், ஒற்றை அறை எல்லாம் அங்கே முறைப்படி உண்டு. ஏகாந்தத்துக்கு வேண்டிய உபகரணங்கள் அத்தனையும் இருக்கும் அந்த இடத்தில்தான் பாமா மிகவும் தனித்துவிடப்பட்டவராக உணர்கிறார், ஏனென்றால் சுற்றியிருந்தவர்கள் அவருடைய மக்களைப் பற்றிப் பேசிய விதம் அப்படி. வெளியே வந்தால் வேலை இல்லை, கையில் காசு இல்லை, கல்யாணம் ஆகாத தலித் பெண்ணுக்கு ஊரில் நிற்க இடம் இல்லை. மனத்தில் வேறுபாடு இருக்கிறது என்பவர்களும் கதவில் இருக்கிறது என்று சொல்லும் நானும் இந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூட வேண்டும். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முதலில் ஒரு கதவு வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது பெயர், ஊர், சாதி, கணவர் என்ற வரிசையில் கேள்வி வரும் ஊரில் அந்தக் கதவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அரசின் சொற்களும் வாடகை வீட்டுக்காரரின் சொற்கள்தான். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம், கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் என்றுதான் திட்டங்களுக்குப் பெயர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணவனை இழந்தோர், பிரிந்தோர், மணமுறிவு பெற்றோர், மணமாகாதோர் என்று சுமார் 7.14 கோடிப் பெண்கள் துணையின்றி இருந்தார்கள். அவர்களில் ஒருத்திகூடத் தானே விட்டுவந்தவள் என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. கைவிடப்பட்டேன் என்று எழுதினால்தான் பணம் வரும். விட்டுவந்தவள், விடப்பட்டவள் என்று கையெழுத்துப் போடுகிறாள்.

இதுவரை எழுதியதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டவளுக்கு வாட்டம் வருவதில்லையா? வருகிறது. நான் பதினோரு வருடங்களாகத் தனியாக வசிக்கிறேன், என் பெயரில் ஒப்பந்தம் போட்ட வீட்டில், என் சம்பளத்தில். பெரும்பாலான நாள்கள் மாலை வீடு திரும்பிச் சாவியைத் திருப்பும்போது வரும் நிம்மதியை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காய்ச்சல் வந்து கிடந்த நாள்களும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களும் உண்டு. அப்போது அதை வெளியே சொல்ல முடிவதில்லை. சொன்னால் அம்மாவிலிருந்து எதிர்வீட்டு மாமிவரை எல்லோரும் ஒரே பதிலோடு தயாராக இருக்கிறார்கள்: "நாங்க அப்பவே சொன்னோமே." திருமணமானவள் கணவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு தனிமை என்று சொன்னால் அது கவிதை. மணமாகாதவள் சொன்னால் அது தீர்ப்பு. ஆகவே நாங்கள் சிரித்துக்கொண்டு, காப்பிக் குவளையோடு படம் எடுத்துப் போடுகிறோம். தனித்திருப்பது இனிமை என்ற வாசகத்தை எங்கள் வாயிலிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

நம்முடைய எழுத்திலும் இந்தக் கூச்சம் இருக்கிறது. கங்காவுக்கும் மஞ்சுவுக்கும் ஆண்கள் எழுதிய முடிவுகளுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில், கடந்த முப்பது வருடப் பெண்ணெழுத்து தனித்து வாழும் பெண்ணைக் கம்பீரமாகவே நிறுத்தியிருக்கிறது. வெளியேறுவது வரை எழுதுகிறோம். வெளியேறியவள் கதவை அறைந்து சாத்தும் சத்தத்தில் கதை முடிந்துவிடுகிறது. அவளுக்கு ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் வலிக்கும்போது, மருத்துவமனைப் படிவத்தில் உறவினர் கையொப்பம் என்ற கட்டத்துக்கு முன்னால் அவள் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது, அந்த நேரத்திலும் அவள் தன் முடிவுக்காக வருந்தவில்லை, ஆனால் யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறாள் என்பதை, இரண்டையும் ஒருங்கே, எழுதிய கதைகள் மிகக் குறைவு. தங்கம் அத்தையின் மான் பௌர்ணமிக்கு மறுநாள் எப்படி இருந்தது என்று அந்தக் குழந்தைகளில் ஒருத்தியாவது கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அத்தை என்ன பதில் சொன்னாள் என்பதை நம்மில் யாராவது எழுத வேண்டும்.